மேடைக்காசு மாரி வரும் வரைக்கும்தான்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். கோடையில் திருவிழா, கலியாண வீடு, கடற்கரை நிகழ்ச்சி என்று அழைப்பு வரும். ஐப்பசி கழிந்து மாரி பிடித்தால் தை வரைக்கும் திறந்தவெளி மேடை இல்லை. தொண்டை கட்டினாலும் காசு நின்றுவிடும். பாடாத நாளிலும் காசு வரவேண்டும் என்றால், பாடகருக்குச் சொந்தமாக ஏதாவது இருக்க வேண்டும்.

பாடகி ரிஹானா 2016இல் அல்பம் வெளியிட்டார். அடுத்த அல்பம் வராமலே 2021இல் அவருடைய சொத்து 1.7 பில்லியன் டொலர் என்று போர்ப்ஸ் சஞ்சிகை கணக்கிட்டது. அதில் 1.4 பில்லியன் அளவு, ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனைப் பொருள் நிறுவனத்தில் அவருக்கிருந்த பாதிப் பங்கின் பெறுமதி. 2017இல் 40 நிறங்களில் பவுண்டேஷன் என்ற முகப்பூச்சு இறக்கினார்கள். கறுத்த தோலுக்குப் பொருத்தமானது கிடைக்காமல் அலைந்த பெண்கள் அள்ளி வாங்கினார்கள். வெறும் விளம்பரத்துக்கு முகம் காட்டியிருந்தால் சம்பளத்தோடு போயிருக்கும். ஃபென்டி பியூட்டியிலும் பங்காளியாயிருந்த எல்விஎம்எச் என்ற பிரெஞ்சுக் குழுமத்தோடு 2019இல் தொடங்கிய ஆடம்பர உடுப்பு வியாபாரம் 2021இல் நிறுத்தப்பட்டது. ரசிகரால் அந்த விலைக்கு வாங்க முடியாது என்பதுதான் முக்கிய காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எங்கட பிள்ளைகள் முதலில் காப்பாற்ற வேண்டியது பாட்டை. ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து: வரியும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று. மைக்கல் ஜக்சன் 1985இல் 47.5 மில்லியன் டொலருக்கு வாங்கியது முதலாவது வகை. பீட்டில்ஸ் இசைக்குழுவின் பாடல்கள் பெருமளவு அதற்குள் இருந்தன. பிறகு சோனியோடு கூட்டான அந்த நிறுவனத்தில் அவர் இறந்தபின் அவருடைய சொத்துப் பொறுப்பாளர்களிடம் இருந்த பாதியை 2016இல் சோனி 750 மில்லியனுக்கு வாங்கியது. பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் கையில் இல்லாமல் இருந்தது இரண்டாவது வகை. அதனால்தான் பழைய அல்பங்களைத் திரும்பப் பாடிப் பதிந்தார்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி, அலுவலகத்தில் பதியாமலே பதிப்புரிமை உண்டு. வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவரின் ஆயுளும் அதற்குமேல் 70 வருசமும். சண்டை வந்தால் அத்தாட்சிதான் கைகொடுக்கும். ஆகவே ஸ்டூடியோவை விட்டு வெளிக்கிட முன்னமே ஒரு தாளில் எழுதுங்கள்: வரி யார், மெட்டு யார், பீட் (பின்னணித் தாள இசை) யார், பதிவுச் செலவு யார், ஆளுக்கு எத்தனை வீதம். கூட்டினால் 100 வரவேண்டும். அடையாள அட்டை இலக்கம், திகதி, எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். பாட்டு ஓடின பிறகு இந்தத் தாளில் ஒருவரும் கையெழுத்து வைக்கமாட்டார்கள். "முழு உரிமையும்" என்ற சொல்லோடு யாராவது ஒரே தரம் காசு தந்தால் வாங்காதீர்கள்.

இணையத்தில் மலிவாக எடுக்கிற பீட் பெரும்பாலும் வாடகைதான். அதையே வேறு பத்துப் பேர் வைத்திருப்பார்கள், இத்தனை தரம்தான் ஓடலாம் என்ற எல்லையும் இருக்கும். சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடினால், எத்தனை இலட்சம் பேர் பார்த்தாலும் யூடியூப் விளம்பரக் காசு பெரும்பாலும் உரிமைக்காரருக்கே போகும்.

பெயரும் சொத்துத்தான். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தால் போதும் என்று நினைப்பது பிழை. கொழும்பில் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும்: மேடைக்கு 41ஆம் வகுப்பு, உடுப்புக்கு 25. பத்து வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கலாம்.

அதன் பிறகு பொருள் விற்கலாம். ரீசேர்ட்டில் காசு முடங்குவது அளவுகளால். நடு அளவு விற்றுப்போக, மிகச் சிறியதும் மிகப் பெரியதும் பெட்டியில் கிடக்கும். மருதமுனைக் கைத்தறிச் சாறனுக்கும் சால்வைக்கும் அந்தக் கரைச்சல் இல்லை. முன்பதிவு எடுத்து, பாதிக் காசை வாங்கி, முதல் தரம் 30 மட்டும் நெய்யக் கொடுங்கள். தறி வேலை அவசரத்துக்கு வராது, திருவிழாவுக்கு இரண்டு மாதம் முந்தியே சொல்லி வைக்க வேண்டும்.