வயிற்றுத் தோல் அறுவை, எடை குறைப்பு சிகிச்சை அல்ல

‘டம்மி டக் செய்தால் ஒரே நாளில் 20 கிலோ குறையும், தழும்பே இருக்காது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. பிரசவத்துக்குப் பின்னோ, உடல் நன்றாக இளைத்த பின்னோ தொங்கும் தோலையும் அதன் அடிக்கொழுப்பையும் நீக்கி, விலகிய வயிற்றுத் தசைகளை இழுத்துத் தைப்பதுதான் டம்மி டக் என்னும் இந்த அறுவை. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை அது தொடுவதே இல்லை.

தழும்போ, அடிவயிற்றின் குறுக்கே இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீளும். நாளடைவில் மங்கும், மறையாது. பலருக்குச் சில நாட்கள் அறுவைக் காயத்திலிருந்து நீர் வடிய குழாய் இருக்கும். சுமார் 6 வாரம் பாரம் தூக்கக் கூடாது. இடுப்புக் குழந்தையும் பாரம்தான்.

எடை குறைப்புக்கு இது மாற்றல்ல என்று அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்கள் சங்கத்தின் இணையதளமே சொல்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்ப வேண்டாம்.