கிடைத்ததைப் பார்க்கும் முன் குழியை மூடுங்கள்

கோடை நெருங்கினால் இங்கிலாந்துக் கடற்கரைகளில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்கள் கூடிவிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் எந்த மெஷின் நல்லது, எவ்வளவு ஆழம் போகும், தங்கத்துக்குத் திரையில் எந்த எண் காட்டும் என்பதுதான். குழியை எப்படித் தோண்டுவது, எப்படி மூடுவது என்று கேட்கிறவர் அரிது. மெஷின் தேர்வு தப்பினால் நட்டம் உங்களோடு போகும். குழி திறந்து கிடந்தால் வேறொருவரின் கணுக்கால் போகும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் யார் நிலம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கடல் ஏறி வற்றும் கரைப்பகுதியில் ஏறக்குறைய பாதி, அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட் அமைப்புக்குச் சொந்தம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்தக் கரைகளில் தனி அனுமதிச் சீட்டு இல்லாமலே டிடெக்டர் பயன்படுத்த விட்டிருக்கிறார்கள். நிபந்தனைகளும் வரைபடமும் அவர்கள் இணையதளத்தில் இருக்கின்றன. ஆனால் நாம் துண்டு விரித்து உட்காரும் மேல்பக்கத்துக் காய்ந்த மணல் பெரும்பாலும் உள்ளூர் கவுன்சிலுடையது. அங்கே கவுன்சில் வைத்ததுதான் சட்டம். ஒரே கடற்கரையில் ஐம்பது அடி நடப்பதற்குள் உரிமையாளர் மாறிவிடலாம். கீழே விட்டார்கள் என்பதற்காக மேலேயும் விடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்காமலே கிடைக்கிற இந்தச் சலுகையைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் எளிது. லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரையில், ஆற்றை நிர்வகிக்கும் போர்ட் ஆஃப் லண்டன் அத்தாரிட்டியின் அனுமதி இல்லாமல் தேடவே கூடாது. சாதாரண அனுமதிக்கு 7.5 சென்டிமீட்டர் ஆழம்தான் எல்லை. 2022 நவம்பரில் புதிய அனுமதி கொடுப்பதையே நிறுத்தி, பிறகு காத்திருப்போர் பட்டியல் போட்டார்கள். கடற்கரைக்கும் அப்படி ஒரு நாள் வரவேண்டாம் என்று நினைக்கிற ஒவ்வொருவரும் தன் குழியைத் தானே மூடவேண்டும்.

"கடல் மூடிவிடும்" என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இதைவிடத் தப்பான பேச்சு இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது. வற்றத்தில் தோண்டிய குழிக்குத் தண்ணீர் வந்து சேரவே ஆறு மணி நேரம் வரை ஆகும். அந்த ஆறு மணி நேரமும் பகல். பிள்ளைகள் ஓடுகிற நேரம். கரையின் மேல்பக்கம் இன்னும் மோசம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் ஏற்றம் உச்சிவரை வரும். அட்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் தண்ணீர் பாதியோடு திரும்பிவிடும். பௌர்ணமி முடிந்த கையோடு மேல்கோட்டில் தோண்டிய குழியைக் கடல் தொட அடுத்த அமாவாசை வரை ஆகலாம்.

தண்ணீர் வந்தாலும் உடனே மூடிவிடாது. முதலில் குழியை நிரப்பி ஆழத்தை மறைக்கும். முழங்கால் தண்ணீரில் நடக்கிறவருக்குக் கீழே குழி இருப்பது தெரியாது. காய்ந்த மணலில் காற்று இதே வேலையைச் செய்யும். பாதிக் குழிக்கு மேல் பொலபொலவென்று மணல் படிந்து தரை சமமாகத் தெரியும், கால் வைத்தால் உள்ளே போகும். அதிகாலையில் குதிரை ஓட்டுகிறவர்கள், உயிர்காப்பாளர்களின் நாற்சக்கர வண்டி, கடற்கரைக்கென்று செய்த அகலச் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள், பார்வை குறைந்தவர்கள் என்று எல்லாரும் அந்த மணலை நம்பித்தான் வருகிறார்கள்.

காய்ந்த மணலில் ஆழக் குழி போடுவதே வீண் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. காய்ந்த மணல் ஏறக்குறைய 34 பாகைச் சரிவுக்கு மேல் நிற்காது. 30 சென்டிமீட்டர் ஆழம் போகவேண்டுமானால் குழியின் வாய் தானாகவே 90 சென்டிமீட்டர் அகலமாகிவிடும். நீங்கள் அள்ள அள்ளப் பக்கத்து மணல் உள்ளே வழியும், தேடுகிற பொருளும் அதோடு கீழே சரியும். ஈர மணல் செங்குத்தாக நிற்கும். நிற்கிறதே என்று நம்பித் தோண்டிக்கொண்டே போனால், காய்ந்ததும் ஒரே அடியாக இடியும். 2007-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில், மணல் குழி இடிந்து மூடிய 52 சம்பவங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் 31 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகளும் இளையவர்களும். அவர்கள் டிடெக்டர்காரர்கள் அல்லர், விளையாட்டாகத் தோண்டியவர்கள். ஆனால் பெரியவர் ஒருவர் பாதி தோண்டி விட்டுப்போன குழி, பிள்ளைகளைத் 'தோண்டு' என்று கூப்பிடும்.

இனித் தோண்டும் முறை. சிக்னல் கேட்டதும் ஸ்கூப்பை, அதாவது மணல் அள்ளும் கரண்டியை, குத்தாதீர்கள். மெஷினின் அடியில் இருக்கும் வட்டத் தகடான காயிலைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முறை ஓட்டி, சத்தம் உச்சத்தில் இருக்கும் புள்ளியைப் பிடியுங்கள். 90 பாகை திரும்பி நின்று மறுபடி ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே புள்ளியில் சத்தம் சுத்தமாக வந்தால்தான் தோண்டலாம். ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் உடைந்தால் பெரும்பாலும் வளைந்த ஆணியோ கம்பியோதான். புள்ளி சரியாக விழுந்தால் ஒரே அள்ளலில் வேலை முடியும், குழியும் சின்னதாக இருக்கும். பொருள் இருக்கும் இடத்தைக் கிட்டத்தில் காட்டும் சின்னக் கைக்கருவியான பின்பாயிண்டர் வாங்கப் பணம் இல்லையென்றால் மெஷினில் ஒரு படி கீழே இறங்கி வாங்குங்கள், பின்பாயிண்டரை விடாதீர்கள்.

ஸ்கூப்பின் வாய் சிக்னல் புள்ளிக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னால் இறங்கவேண்டும். நேரே புள்ளியில் குத்தினால் மோதிரத்தை வெட்டிவிடும். கல் பதித்த மோதிரம் என்றால் கல்லே தெறித்துப்போகும். காலால் மிதித்துச் சாய்வாக இறக்கி அள்ளுங்கள். அள்ளியதைக் குழியின் ஒரே பக்கத்தில் மட்டும் கொட்டுங்கள். நாலாபக்கமும் சிதறினால் திரும்பத் தள்ள மனம் வராது. மூடாமல் போவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சோம்பல்தான்.

கொட்டிய பிறகு முதலில் குழியின் மேல் காயிலை ஓட்டுங்கள். சத்தம் நின்றிருந்தால் பொருள் குவியலில் இருக்கிறது என்று பொருள். குவியலைக் காலால் பரப்பி, பின்பாயிண்டரால் தேடி எடுங்கள். எடுத்ததைப் பையில் போடுங்கள். தங்கமா, பித்தளையா, வெறும் டப்பா மூடி வளையமா என்று அங்கேயே துடைத்துப் பார்க்காதீர்கள். குழிக்குள் இன்னொரு முறை காயில் போகட்டும், ஏனென்றால் மோதிரம் விழுந்த இடத்தில் சங்கிலியும் கிடக்கலாம், மெல்லிய சங்கிலிக்குச் சத்தம் மிகக் குறைவு. அதுவும் இல்லையென்றால் மணலைப் பாதி தள்ளி மிதித்து, மீதியையும் தள்ளி மறுபடி மிதியுங்கள். மொத்தமாகத் தள்ளினால் மேல்தான் சமமாகும், உள்ளே பொதபொதவென்று இருக்கும். இவ்வளவும் முடிந்த பிறகு பையைத் திறந்து பாருங்கள்.

இந்த வரிசையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. மூடாமல் விட்ட குழிகளில் பல, நல்ல பொருள் கிடைத்த குழிகள். கையில் தங்கம் மின்னினால் மனிதனுக்குக் காலடி மறந்துபோகும். படம் எடுப்பார், நண்பருக்கு அனுப்புவார், பக்கத்தில் இன்னொன்று இருக்குமோ என்று நகர்ந்துவிடுவார். குழி அப்படியே இருக்கும். ஒரு காலைப்பொழுதில் ஐம்பது குழி போடுவது சாதாரணம். பல்ஸ் இண்டக்ஷன் என்ற வகை மெஷின் வைத்திருப்பவர்கள் அதற்கு மேலும் போடுவார்கள், ஏனென்றால் அது உப்பு ஈர மணலில் ஆழமாகப் போகுமே தவிர, இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்லாது. எல்லாவற்றையும் தோண்டித்தான் பார்க்கவேண்டும். கையில் அந்த மெஷின் இருந்தால் மூடும் கடமையும் அந்த அளவுக்குக் கூடுகிறது.

எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது? என் கணக்கு 40 சென்டிமீட்டர், அதாவது முழங்கை மறையும் ஆழம். நாணயமோ மோதிரமோ சாதாரண மெஷினில் அதற்குக் கீழே தெளிவாகக் கேட்பது அபூர்வம். 40 தாண்டியும் சத்தம் உரக்க வருகிறதென்றால் கீழே கிடப்பது பெரிய பொருள். நங்கூரச் சங்கிலியோ பழைய குழாயோ கேபிளோவாக இருக்கலாம். வெடிகுண்டாகவும் இருக்கலாம். இரண்டாம் உலகப் போரில் இந்தக் கரைகளில் கண்ணிவெடி புதைத்தார்கள், பயிற்சிக்குக் குண்டு போட்டார்கள். இன்றும் அவை வெளிவருகின்றன. துருப்பிடித்து உருளையாக ஏதாவது தட்டுப்பட்டால் தொடாதீர்கள், துடைக்காதீர்கள், மண்வெட்டியால் தட்டிப் பார்க்கவே கூடாது. இடத்தைக் குறித்துக்கொண்டு விலகி, மற்றவர்களையும் விலக்கி, 999-ஐ அழைத்துக் கோஸ்ட்கார்டை (கடலோரக் காவல்படையை) கேளுங்கள். குழியை மூடாமல் வரவேண்டிய ஒரே சந்தர்ப்பம் இதுதான்.

தோண்டக் கூடாத இடங்களும் உண்டு. மணல்மேடுகளில் கை வைக்காதீர்கள். புல்வேர்தான் அந்த மேட்டைப் பிடித்து நிறுத்துகிறது, வேர் அறுந்த இடத்தில் காற்று வாய் திறக்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கூழாங்கல் பரப்பில் சின்ன ஆலா, வளைய உப்புக்கொத்தி ஆகிய பறவைகள் முட்டையிடும். முட்டை கல்லைப் போலவே இருக்கும், கால் பட்ட பிறகுதான் தெரியும். கயிறு கட்டியிருந்தால் வெளியே நில்லுங்கள். அலைத்தடுப்புக் கட்டைகளின் அடியிலும் கடல்சுவரின் அடியிலும் தோண்டுவது கட்டடத்தின் காலைப் பறிப்பதற்குச் சமம்.

மணலுக்கு அடியில் கறுப்பாகக் கரிமண்ணோ (பழங்காலச் செடிகள் மட்கி உண்டான மண்) சாம்பல்நிறக் களிமண்ணோ தென்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 1998-இல் நார்ஃபோக்கில் ஹோம் கடற்கரையில் ஒரு வெண்கலக் கோடரித் தலை கிடைத்தது. அதே இடத்தில் கரிமண்ணிலிருந்து வெளிப்பட்டதுதான் சீஹெஞ்ச் என்று இன்று அழைக்கப்படும் மரவட்டம். ஓக் மரத்தூண்கள் 55. மரம் வெட்டப்பட்டது கி.மு. 2049-இன் வசந்தத்தில் என்று வளர்வளையங்களை எண்ணிச் சொன்னார்கள். அந்தக் கரிமண்ணில் யாராவது முன்பே ஸ்கூப்பை இறக்கிக் கலைத்திருந்தால் இவ்வளவு துல்லியமாகப் படிக்க என்ன மிஞ்சியிருக்கும்? மணல் நாள்தோறும் புரள்கிறது, நாம் தோண்டினாலும் பெரிதாக எதுவும் கெடாது. கரிமண் நாலாயிரம் வருடமாக அசையாமல் கிடக்கிறது. அதில் ஒரு முறை கை வைத்தால் திரும்ப வைக்க முடியாது.

தோண்டிய குப்பையைத் திரும்பப் புதைப்பவர்களும் இருக்கிறார்கள். இடுப்பில் இரண்டு பை கட்டுங்கள், ஒன்று பொருளுக்கு, பெரியது குப்பைக்கு. டப்பா மூடி, அலுமினியத் தகடு, தூண்டில் முள், ஈயக் குண்டு எல்லாம் உங்களோடு வரவேண்டும். அன்னங்கள் விழுங்கிச் சாகின்றன என்று 28.35 கிராம் வரையிலான தூண்டில் ஈயத்தின் விற்பனையை 1987-இலேயே தடுத்தார்கள், ஆனால் கடல் தூண்டிலில் கட்டும் பெரிய ஈயம் அந்த அளவுக்கு மேலே, அதனால் கரையில் இன்னும் நிறையக் கிடைக்கும். தூண்டில் முள்ளை வெறும் பையில் போடாமல் மூடியுள்ள டப்பியில் போடுங்கள். மறுபடி புதைத்தால் அடுத்த முறை உங்கள் மெஷினே அதற்குக் கத்தும் என்பது இருக்கட்டும், வெறுங்காலோடு வரும் பிள்ளைக்கு அது முதலில் கிடைக்கும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1996-ஆம் ஆண்டின் டிரெஷர் (புதையல்) சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருளோ நாணயக் குவியலோ கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். அந்தந்த வட்டாரத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அதிகாரியிடம் போனால் போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். கப்பலிலிருந்து வந்த பொருள் என்றால் 28 நாளுக்குள், கப்பல் சிதைவுப் பொருள்களைக் கவனிக்கும் அரசு அலுவலகமான ரிசீவர் ஆஃப் ரெக்குக்குச் சொல்லவேண்டும். 2007 ஜனவரியில் எம்.எஸ்.சி. நாப்போலி கப்பலின் கன்டெய்னர்கள் டெவனில் பிரான்ஸ்கம் கரையில் ஒதுங்கியபோது, பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிள்களை மக்கள் உருட்டிக்கொண்டு போனார்கள். கரையில் கிடந்ததால் சொந்தமாகிவிடாது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

விடுமுறைக்கு இந்தியாவுக்குப் போகும்போது மெஷினைப் பெட்டியில் வைக்கலாமா என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வைக்காதீர்கள். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்கவேண்டும். மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைப் பகுதிகள் பக்கம் மெஷினோடு போகவே கூடாது. ஜனவரி தொடங்கிச் சென்னைக் கரையில் பங்குனி ஆமை முட்டையிடும் காலம் வேறு. அதன் முட்டைக்குழி இருப்பது நம் ஸ்கூப் இறங்கும் அதே ஆழத்தில்.

கடைசியாக மோதிரம். கரையில் கிடைக்கும் நகைகளில் பெரும்பாலானவை அண்மையில் தொலைந்தவை, உரிமையாளர் உயிரோடு இருக்கிறார். தேடிப் பார்க்காமல் வைத்துக்கொண்டால் இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி அது திருட்டாகலாம். உள்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஹால்மார்க்கில் ஆண்டு எழுத்து இருக்கலாம், பெயரோ தேதியோ பொறித்திருக்கலாம். உள்ளூர் முகநூல் குழுவில் 'இன்ன கரையில், இன்ன வாரத்தில் ஒரு மோதிரம் கிடைத்தது' என்று மட்டும் எழுதுங்கள், படம் போடாதீர்கள். கேட்டு வருகிறவர் எந்த உலோகம், என்ன கல், உள்ளே என்ன எழுத்து என்று அவராகச் சொல்லட்டும். சொன்னது பொருந்தினால் கொடுத்துவிடுங்கள், பணம் வாங்காதீர்கள்.