கழுவினால் ஈயம் போகாது

"பொம்மையை உப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் வண்ணப்பூச்சிலுள்ள ஈயம் நீங்கிவிடும்" என்ற தகவல் பரவி வருகிறது. இது தவறு. ஈயம் மேலே படிந்த தூசி அன்று. பளிச்சென்ற மஞ்சளுக்காகச் சேர்க்கப்படும் ஈயக் குரோமேட் என்ற ஈய நிறமி, பூச்சுக்குள்ளேயே கலந்திருக்கிறது. ஊறவைத்தால் பூச்சு இளகி உரியலாம். அது இன்னும் மோசம். குழந்தை பொம்மையை வாயில் வைக்காமல் இருக்குமா? விழுங்கும் ஈயத்தைக் குழந்தையின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. அது எலும்பிலும் பல்லிலும் தங்குவதோடு, வளரும் மூளையையும் பாதிக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பூச்சு உதிரும் பழைய பொம்மையைத் தயவுசெய்து கழுவிக் கொடுக்காதீர்கள், அப்புறப்படுத்துங்கள். குழந்தை ஏற்கெனவே அதைக் கடித்திருந்தால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.