என் பூனை மணியை யாருக்கும் கொடுக்கவில்லை
கர்ப்பம் உறுதியானதும் வீட்டுப் பூனையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று நான் படித்த ஒரு கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தோடு வெளியேறினாலும், அது தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். அதனால் பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் கணவர் சுத்தம் செய்யட்டும், நீங்கள் தொடாதீர்கள் என்றார் என் மருத்துவர். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத காய்கறி மூலமும் அது வரும். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே! கல்யாணமாகிக் கோவை வந்தபோது, பழக்கமில்லாத அந்த வாடகை வீட்டில் என்னுடையது என்று இருந்தது மதுரையிலிருந்து கூடையில் தூக்கிவந்த மணி மட்டும்தான். அவளை எப்படி அனுப்புவேன்? இப்போது என் மகளுக்கு 14 மாதம். காலையில் கண் விழித்ததும் என்னைத் தேடுவதற்கு முன்னால் கட்டிலுக்கு அடியில் குனிந்து "மியா, மியா" என்று கூப்பிடுகிறாள்.