பால்கனிக்குத் தனி விலை

போன ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு வீடு பார்க்கப் பள்ளிக்கரணைப் பக்கம் போயிருந்தோம். ஏழாவது மாடி. விற்பனைப் பிரதிநிதி சமையலறையைக் காட்டவில்லை, தண்ணீர் வசதியைச் சொல்லவில்லை. "சார், முதலில் பால்கனிக்கு வாருங்கள்" என்று நேரே அழைத்துப் போனார்.

கீழே சதுப்பு நிலம். கோரைப்புல்லுக்கு நடுவே தண்ணீர். தண்ணீரில் வெள்ளைப் புள்ளிகளாகக் கொக்குகள். தம்பி மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். 23 வரை வந்தாள்.

விலைப் பட்டியலில் 'லேக் வியூ' என்று தனி வரி. சாலையைப் பார்த்த அதே அளவு வீட்டைவிடச் சதுர அடிக்கு 400 ரூபாய் கூடுதல். 1,100 சதுர அடிக்கு 4,40,000 ரூபாய். செங்கல்லும் சிமெண்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். இந்தப் பணம் முழுக்க முழுக்கச் சதுப்பு நிலத்தின் அழகுக்கு. ஆனால் விற்கிறவருக்கு அதில் ஒரு பிடி மண் சொந்தமில்லை. வாங்குகிறவருக்கும் இல்லை.

பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவார்கள். சன்னலில் தெரிவதை எழுத மாட்டார்கள். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, 20 ஆண்டுகள் தடையில்லாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் உரிமை தருகிறது. காட்சியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மேடவாக்கத்தில் என் அத்தை 2011-இல் வயல் தெரிகிறதென்று கூடுதலாகக் கொடுத்து வாங்கினார். இன்று அந்தச் சன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள். அத்தை கனத்த திரை போட்டு மூடிவிட்டார்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. இதே சதுப்பு நிலத்தின் மேல்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு நிற்கிறது. 2022-இல் பள்ளிக்கரணை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு கிடங்கு நாள்கணக்கில் எரிந்து புகைந்தது. தென்சென்னை ஏரிகளின் உபரி நீரெல்லாம் இங்கே இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். அந்த நீருக்கு இடம் விடாமல் சுற்றிலும் மண் கொட்டி எழுப்பிய கட்டடங்கள்தான், மிச்சமிருக்கும் தண்ணீரைக் காட்டி விலை ஏற்றுகின்றன. அந்த வருமானத்தில் ஒரு ரூபாய்கூடச் சதுப்பு நிலத்துக்குத் திரும்புவதாகத் தெரியவில்லை. காட்சிக்கென்று வசூலிக்கும் தொகையில் பாதியையாவது அதன் பராமரிப்புக்குக் கட்டாயமாக வாங்க வேண்டும் என்பது என் கருத்து. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

வீடு தேடும் நண்பர்களே, பால்கனியில் நின்று ரசியுங்கள். கூடவே, எதிரே தெரியும் நிலத்தின் சர்வே எண்ணைக் கேளுங்கள். அது பட்டா நிலமா, புறம்போக்கா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். பட்டா நிலமென்றால் நாளை அங்கே பத்து மாடி எழும்பலாம்.

தம்பியும் அன்றைக்கு அதைத்தான் கேட்டான். "விசாரித்துச் சொல்கிறேன் சார்" என்றார் பிரதிநிதி. இதுவரை மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். மூன்று முறையும் முன்பணம் எப்போது என்றுதான் கேட்டார்.