விற்பது ஒரே இடத்தில் போதும்

வீட்டிலிருந்து சேலை விற்கிற பெண்களிடம் வந்து "எல்லா இடத்திலும் இருக்கணும், தினமும் போஸ்ட் போடணும்" என்று யாராவது வகுப்பெடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் குரூப், வாட்ஸ்அப் சேனல், போதாக்குறைக்கு இப்போது த்ரெட்ஸ். வகுப்பெடுத்தவர் கட்டணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். சேலம் பக்கத்து இளம்பிள்ளைக்குப் போய்ச் சரக்கு எடுத்து, போட்டோ பிடித்து, பார்சல் கட்டி, கொரியரில் போட்டு, டிராக்கிங் நம்பர் அனுப்பி, நடுவில் உலையும் வைக்கவேண்டியது நாம்தானே?

இத்தனை கணக்குகள் எப்படிச் சேர்ந்தன என்று யோசித்தால், பாதிக்குப் பயம்தான் காரணம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தார்கள். லட்சக்கணக்கில் ஃபாலோயர் வைத்திருந்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாவில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்தது. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று எல்லாரும் எல்லாவற்றிலும் கணக்குத் திறந்தோம். நியாயமான பயம்தான், ஆனால் மருந்து தப்பு. 2021 அக்டோபர் 4 இரவு நினைவிருக்கிறதா? ஒன்பது மணிக்கு மேல் ஃபேஸ்புக், இன்ஸ்டா, வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாகப் படுத்து, எழுந்திருக்க ஆறு மணி நேரம்போல ஆனது. மூன்றும் ஒரே முதலாளியுடையவை. மூன்று கணக்கு வைத்திருந்தவருக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தவருக்கும் அன்றைக்கு ஒரே கதிதான். அந்த நேரத்தில் கைகொடுப்பது, வாங்கினவர்களின் பெயர், போன் நம்பர், முகவரி எழுதிவைத்த நோட்டு. அது இருந்தால் எந்த ஆப் போனாலும் நாலு பேரைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம்.

சரி, நேரம் எங்கே போகிறது? போஸ்ட் போடுவதில் இல்லை. ஒரே போட்டோவை நாலு இடத்தில் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? போட்ட பிறகுதான் ஆரம்பிக்கிறது. காலையில் வாட்ஸ்அப்பில் ஒருவர் அந்த மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்துவிடுகிறார். மத்தியானம் இன்ஸ்டாவில் "சிஸ், அவைலபிளா?" சாயங்காலம் ஃபேஸ்புக்கில் "பிரைஸ் ப்ளீஸ்." ஒரு மாதம் கழித்து யூடியூபில் யாரோ "இது வேற கலர்ல இருக்கா அக்கா?" இல்லாத சேலைக்கு நான்கு இடத்தில் பதில். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஆப்பைத் திறக்கணும். திறந்த உடனே யார் வீட்டு வளைகாப்போ, எந்த ஊர்ச் சண்டையோ முன்னால் வந்து நிற்கும். கேட்டவருக்கு "சோல்ட் அவுட் சிஸ்" என்று இரண்டு வார்த்தை எழுதத்தான் உள்ளே போனோம்.

இதில் பெரிய பங்கு நாமே இழுத்துவிட்டுக்கொண்டது என்பேன். போஸ்டில் விலை போடாமல் "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" என்று எழுதுகிறோம் பாருங்கள், அது. கமெண்ட் கூடினால் ரீச், அதாவது போஸ்டைப் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை, கூடும் என்பார்கள். பக்கத்துக் கடைக்காரிக்கு நம் விலை தெரியக்கூடாது என்பார்கள். எல்லாரும் அதே நாலு மொத்த வியாபாரியிடம்தான் எடுக்கிறோம், அவளுக்கு நம் விலை நமக்கு முன்னாலேயே தெரியும். விலை, கொரியர் செலவு, பிளவுஸ் அட்டாச்டா தனியா, கைத்தறிச் சேலையா பவர்லூமா, போட்டோவுக்கும் நேருக்கும் கலர் கொஞ்சம் மாறலாம் என்கிற விஷயம், எல்லாவற்றையும் போஸ்டிலேயே போட்டுவிட்டால் பாதிக் கேள்வி குறைந்துவிடும். சும்மா விலை கேட்டுப் போகிறவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். போகட்டுமே.

மீதிப் பாதிக்கு என் வழி இது: ஆர்டர் எடுப்பது கடைக்காரர்களுக்கென்று இருக்கிற வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் மட்டும். மற்ற எல்லாம் விளம்பரப் பலகை. ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பர்தான் போட்டோ மேல், ரீல் மேல், கேட்டலாக்கில் (அந்த ஆப்பிலேயே இருக்கிற சரக்குப் பட்டியல்), நோட்டில், சேலைக் கவரில் எல்லாவற்றிலும். "நீங்க போட்டிருந்தீங்களே, அந்த பச்சை" என்று பேச்சு வளராது, நம்பர் சொன்னால் முடிந்தது. சேலை போய்விட்டால் கேட்டலாக்கில் மறைத்துவிட வேண்டியது. இருப்பு என்ன என்பதற்கு அது ஒன்றுதான் கணக்கு. இன்ஸ்டாவில் யார் எதைக் கேட்டாலும் என் பதில் வாட்ஸ்அப் லிங்க்தான். அங்கேயே உட்கார்ந்து கதை பேசுவதில்லை. வங்கி விவரம், அனுப்பும் நாட்கள், ரிட்டர்ன் விதி எல்லாம் குவிக் ரிப்ளையில் எழுதிவைத்துவிட்டால், சாய்கோட்டை (/) தட்டினால் வந்து நிற்கும். பணம் வந்தது, பார்சல் போனது என்று லேபிள் போட்டுவிடலாம். இதெல்லாம் இலவச ஆப்பிலேயே இருக்கிறது. இதற்கென்று தனி சாஃப்ட்வேர் விற்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. ஒரே ஒரு பீஸ் இருக்கிற சேலையை நிரந்தரமான போஸ்டாகப் போடவே கூடாது. ஸ்டோரியிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் மட்டும். 24 மணி நேரத்தில் அதுவே மறைந்துவிடும், ஒரு மாதம் கழித்து வந்து கேட்க ஆளிருக்காது. திரும்பத் திரும்ப எடுக்க முடிகிற டிசைன்கள்தான் போஸ்டுக்கும் யூடியூபுக்கும். ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் சரக்கு வேகமாக ஓடும்போது இதன் அருமை தெரியும்.

அப்புறம் அந்த ஆப் திறக்கிற விவகாரம். மனசைக் கட்டுப்படுத்துங்கள் என்பதெல்லாம் எனக்குச் சரிப்படாத அறிவுரை. அடி தெரியாமல் கீழே உருண்டுகொண்டே போகிற பக்கத்தை 2006இல் உருவாக்கிய ஏசா ரஸ்கினே பின்னால் அதற்காக வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். செய்தவருக்கே அப்படியென்றால் நாம் எந்த மூலை? அதனால் நான் கடைக்குப் பின்வாசல் வழியாகவே போகிறேன். ஃபேஸ்புக் முதலாளி மெட்டாவே கொடுக்கிற மெட்டா பிசினஸ் சூட் ஆப்பில் ஃபேஸ்புக், இன்ஸ்டா இரண்டுக்கும் சேர்த்து போஸ்ட் போடலாம், நாள் நேரம் குறித்துவைக்கலாம், இரண்டு இடத்து மெசேஜும் கமெண்டும் ஒரே பெட்டியில் வரும். யூடியூபுக்கு ஸ்டுடியோ ஆப். இரண்டிலும் யார் வீட்டு வளைகாப்பும் வராது. முன்வாசல் ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டேன். வாட்ஸ்அப் மட்டும் அடிக்கும், அதிலும் குரூப்பில் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று வைத்தாயிற்று. குட் மார்னிங் ரோஜாப் பூ அனுப்புகிறவர்கள் மன்னிக்கணும்.

வீட்டில் யாராவது உதவிக்கு இருந்தால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்கு அவர்கள் பெயரிலேயே அனுமதி கொடுக்கலாம். வாட்ஸ்அப்பையும் கூடுதலாக நான்கு கருவிகளில் இணைக்க முடியும், கொழுந்தன் மகளோ தங்கையோ அவர்கள் லேப்டாப்பில் உட்கார்ந்து பதில் போடட்டும். பல கணக்குகளை ஒருவரே அவசரமாகப் பார்க்கும்போதுதான் "உங்கள் பக்கம் முடக்கப்படும், இங்கே சொடுக்கவும்" என்று வருகிற திருட்டு மெசேஜில் விரல் போய்விடும். பாஸ்வேர்டு போக இன்னொரு எண்ணும் கேட்கிற இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள், இன்றைக்கே.

எக்ஸ், த்ரெட்ஸ், பின்ட்ரெஸ்ட் எல்லாம் நம் வாடிக்கையாளர்கள் சேலை தேடுகிற இடமில்லை. கடைப் பெயரை வேறு யாரும் பிடிக்காமல் ஒரு கணக்குத் திறந்து, வாட்ஸ்அப் லிங்கை வைத்துவிட்டு மறந்துவிடலாம். அங்கே தினமும் போகிறவர் யாராவது சேலை விற்றிருந்தால் கீழே சொல்லுங்கள், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன்.

எனக்கு இன்னும் பிடிபடாதது ரீல்ஸ் பாட்டுதான். பிசினஸ் கணக்கில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் கிடைக்காது, கிரியேட்டர் கணக்காக மாற்றினால் கிடைக்கும். அது பரவாயில்லை. இந்த வாரம் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று தெரிய முன்வாசல் வழியாகப் போய் மற்றவர்கள் ரீலைப் பார்த்தே ஆகவேண்டியிருக்கிறது. போனால் அவ்வளவுதான், அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் வெளியே வருகிறேன். சேலை ரீலுக்கு ஓடுகிற பாட்டு கட்டாயம் வேண்டுமா, இல்லை துணியைக் கையில் பிடித்து நம் குரலிலேயே பேசினால் போதுமா? இரண்டையும் செய்து பார்த்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். பதில் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வரும், பெட்டியை அப்போதுதான் திறப்பேன்.