சொல்லுக்கு ஒரு கருத்துத்தானாம்

கோல்ட் என்றால் குளிரான. ஷார்ப் என்றால் கூரான. பிரைட் என்றால் வெளிச்சமான. இதை ராகம் போட்டுப் பாடமாக்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு, பரீட்சையில் 'ஹீ இஸ் எ கோல்ட் மேன்' என்று வந்தால் என்ன விளங்கும்? என் மகள் 'அவருக்குத் தடிமன்' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். சிவப்புப் பேனையால் ஒரு பிழை, அவ்வளவுதான். ஏன் பிழை, எது சரி, ஒரு வரி விளக்கம் இல்லை.

எங்கள் திருகோணமலையில் உவர்மலையிலிருந்து உப்புவெளி வரைக்கும் மதிலுக்கு மதில் ஆங்கில வகுப்பு நோட்டீஸ். உள்ளே போனால் ஒரு போட்டோக்கொப்பித் தாள்: இந்தப் பக்கம் ஆங்கிலச் சொல், அந்தப் பக்கம் ஒரே ஒரு தமிழ்ச் சொல். இதற்கு மாதாமாதம் காசு!

சாமானுக்குச் சொல்கிற சொல்லையே ஆளின் குணத்துக்கும் சொல்கிற இந்த வித்தை தமிழுக்குத் தெரியாது என்பது போல நடக்கிறார்களே, அதுதான் எரிச்சல். கத்தியும் கூர், புத்தியும் கூர். எங்கள் துறைமுகமும் ஆழம், யோசனையும் ஆழம். கல் நெஞ்சு, இளகிய மனம் எல்லாம் பிள்ளை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவைதான். அதைத் தொட்டுக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உண்மையான சிக்கல் சூடு குளிரில்தான், அங்கேதான் ஆள் வேண்டும். கச்சான் காற்றில் வெந்து கிடக்கிற எங்களுக்கு மனம் குளிர்ந்தால் சந்தோசம். ஆங்கிலத்தில் கோல்ட் என்றால் பாசமில்லாத ஆள், வார்ம் என்றால் அன்பான ஆள், ஆனால் சூடு இன்னும் கூடி ஹாட் டெம்பர் என்றால் கோபக்காரன், கூல் என்றால் பதறாதவன். ஒரே வெப்பமானியில் நாலு குணம்! கன்னியா வெந்நீரூற்றில் வாளியால் அள்ளிக் குளித்த பிள்ளையிடம் 'வார்ம் வெல்கம்' என்று சும்மா சொல்லிவிட்டுப் போனால் அதற்கு வாளிதானே ஞாபகம் வரும்?

இது சின்ன விசயமும் இல்லை. 1946இல் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு ஆளுடைய ஏழு குணங்களை வாசித்துக் காட்டினார். ஆறு குணம் எல்லோருக்கும் ஒன்று, மிச்சம் ஒன்று மட்டும் சிலருக்கு வார்ம், சிலருக்கு கோல்ட். அந்த ஒரு சொல்லில், தாராள மனசுக்காரன் என்று நினைத்த ஆள் கஞ்சனாகிப் போனான். பிறகு 1960இல் அவரும் ஹாரியட் நெர்லோவும் சின்னப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஆங்கிலம் பேசுகிற மூன்று நாலு வயதுப் பிள்ளைகளுக்கே இந்தச் சொற்கள் முதலில் பொருட்களுக்குத்தான் பொருந்தின, ஆட்களின் குணத்துக்கு வளர வளரத்தான். ஆக, குளிரான என்று தொடங்குவதில் குற்றமில்லை. அங்கேயே பாயைப் போட்டுப் படுத்துவிடுகிறார்களே!

ஒரு சொல்லுக்கு இரண்டு வசனம் எழுதிக் கொடுங்கள், ஒன்று சாமானுக்கு, ஒன்று ஆளுக்கு என்று போய்க் கேட்டேன். "அதெல்லாம் சிலபஸில் இல்லை" என்று பதில்.

இந்தக் கிழமைத் தாளும் வந்துவிட்டது. ஸ்மூத், வழுவழுப்பான. நாளைக்கு நயமாகப் பேசி மயக்குகிறவனைச் சொல்லும் 'ஸ்மூத் டாக்கர்' வந்து, இவள் நாக்கில் எண்ணெய் பூசினவன் என்று எழுதினால் அதற்கும் பிழைதான் போடுவார்களோ?